வண்டியே வீடு, வீடே ஆபீஸ்: அமெரிக்காவில் ஆர்.வி.யில் வாழ்ந்துகொண்டு வேலை பார்ப்பதன் கணக்கு வழக்கு

கொரோனா காலத்தில் அமெரிக்க ஆபீஸ்கள் பூட்டிக் கிடந்தபோது ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளின் வியாபாரம் அதுவரை காணாத உச்சத்துக்குப் போனது. 2021இல் மட்டும் சுமார் 6 லட்சம் வண்டிகள் தொழிற்சாலைகளிலிருந்து விற்பனைக்குக் கிளம்பின. 2023இல் அது ஏறத்தாழ 3 லட்சத்து 13 ஆயிரமாகச் சுருங்கியது. அப்புறம் 2025 ஜனவரியில் அமேசான் தன் ஆபீஸ் ஊழியர்களை வாரத்தில் ஐந்து நாளும் நேரில் வரச் சொன்னது. அதே மாதம் அமெரிக்க அரசும் தன் ஊழியர்களை அழைத்துக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் வீட்டை விற்றுவிட்டு, லேப்டாப்போடு வண்டியில் குடியேறி, மாநிலம் மாநிலமாக நகர்ந்தபடி சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களின் வீடியோக்களைப் பார்க்கிறவர்களுக்கு வரும் சந்தேகங்களும் நியாயமானவை. வருமான வரி எந்த மாநிலத்துக்கு? ஓட்டு எங்கே? விசாவில் இருப்பவர்கள் இப்படிப் போகலாமா? நெட் கிடைக்குமா, கரண்டுக்கு என்ன வழி?

சூரிய ஒளித் தகடு, படுக்கை அமைப்பு பற்றியெல்லாம் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். காகித வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. உண்மையில் ஆட்கள் மாட்டிக்கொள்வது அங்கேதான் என்பதால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே போகிறது.

ஆர்.வி. என்பது எது?

தூங்கவும், சமைக்கவும், குளிக்கவும், கழிவறைக்குமாக இடம் வைத்துக் கட்டிய வண்டிக்கு அமெரிக்காவில் ஆர்.வி. என்று பெயர். அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு.

1. தானே ஓடுபவை. பஸ் அளவுக்குப் பெரியது ‘கிளாஸ் ஏ’. வேன் அளவில் இருப்பது ‘கிளாஸ் பி’. லாரி முகப்போடு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருப்பது ‘கிளாஸ் சி’.

2. இழுத்துச் செல்பவை. காரோ பிக்கப் லாரியோ பின்னால் கொக்கி போட்டு இழுக்கும் டிராவல் டிரெய்லர் ஒன்று. பிக்கப்பின் முதுகிலேயே ஏற்றிப் பூட்டும் ‘ஃபிஃப்த் வீல்’ இன்னொன்று. ஓரிடத்தில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்க்க இவை வசதி. டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, இழுத்து வந்த வண்டியிலேயே கடைக்குப் போய் வரலாம்.

இந்த வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் கட்டப்படுகின்றன. சட்டத்தின் பார்வையில் இவை வீடுகள் அல்ல என்பதை இங்கேயே மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்க வீட்டுவசதித் துறையின் கட்டுமான விதிகளிலிருந்து இவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு கிடைப்பதே ‘நிரந்தரக் குடியிருப்புக்கானது அல்ல, தற்காலிகமாகத் தங்குவதற்கானது’ என்ற அடிப்படையில்தான். 2018இல் அந்தத் துறை விதியைத் திருத்தி இதை இன்னும் தெளிவாக்கியது. முழுநேரம் குடியிருந்தால் வாரன்டி செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைப்பதற்கும், சொந்த நிலத்திலேயே ஆர்.வி.யில் வாழப் பல ஊராட்சிகள் அனுமதி தராததற்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

பிரித்துப் பார்க்க வேண்டிய இரண்டு கேள்விகள்

வீட்டில் வாழ்கிறவருக்கு ‘உங்கள் ஊர் எது?’, ‘இன்று எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தீர்கள்?’ என்ற இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே பதில்தான். அதனால் இரண்டும் வெவ்வேறு கேள்விகள் என்றே தோன்றாது. வண்டியில் ஏறியதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன.

முதல் கேள்விக்கான பதில் சட்டப்படியான இருப்பிடம். அமெரிக்காவில் டொமிசைல் என்பார்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் திரும்பி வருவதாக நீங்கள் கருதும் மாநிலம் அது. ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, வாக்காளர் பட்டியல், உயில் எல்லாம் இதைச் சார்ந்தவை. ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒரே டொமிசைல்தான் இருக்க முடியும்.

இரண்டாம் கேள்விக்கான பதில் உடல் இருக்கும் இடம். சம்பளத்தின் மீதான மாநில வரி, தொழிலாளர் சட்டங்கள், எச்-1பி என்ற வேலை விசாவின் நிபந்தனை, டாக்டர் உங்களை வீடியோவில் பார்க்கலாமா என்பது போன்றவை இதைப் பொறுத்தவை.

முதல் கேள்விக்குச் சரியான பதிலை ஏற்பாடு செய்துவிட்டால் இரண்டாவதும் தீர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் இந்த வாழ்க்கையில் அதிகம் நடக்கும் தவறு, அதிகம் செலவு வைப்பதும் அதுவே.

ஊர் எது? தெற்கு டகோட்டா, டெக்சாஸ், ஃபுளோரிடா

முழுநேர ஆர்.வி. வாழ்க்கைக்காரர்கள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுப்பது இந்த மூன்று மாநிலங்களை. மூன்றிலும் மாநில வருமான வரி கிடையாது. தபால் முகவரி தரும் நிறுவனங்களும் அங்கே வெகுகாலமாக வேரூன்றியிருக்கின்றன. டெக்சாஸின் லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரில் எஸ்கேப்பீஸ் என்ற ஆர்.வி. சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கிய அந்தச் சங்கம் உறுப்பினர்களுக்கு வரும் கடிதங்களை வாங்கி வைத்து, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்புகிறது. ஓட்ட முடியாத வயதை எட்டியவர்களுக்கென்று அங்கேயே ஒரு பராமரிப்பு மையமும் உண்டு.

தெற்கு டகோட்டாவில் நடைமுறை இன்னும் எளிது. முழுநேரப் பயணி என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்து, மாநிலத்துக்குள் ஓர் இரவாவது தங்கியதற்கு ரசீது காட்டினால் ஓட்டுநர் உரிமம் கிடைக்கும். ஆனால் உரிமம் வாங்குவது வேறு, ஓட்டுப் போடுவது வேறு. வாக்காளராகப் பதிய 30 நாளாவது மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும் என்று 2023இல் அங்கே சட்டம் இறுக்கப்பட்டது. ஒரு நாள் வந்து போகிறவர்கள் உள்ளூர்த் தேர்தலின் முடிவை மாற்றலாமா என்பது அந்த ஊர்க்காரர்களின் கேள்வி. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிலையான வீடு இல்லை என்பதற்காக ஒரு குடிமகன் எங்குமே ஓட்டுப் போட முடியாமல் போவது அதைவிடப் பெரிய கேடு என்பதே என் கருத்து.

புது மாநிலத்தில் காகிதம் வாங்குவது பாதி வேலைதான். பழைய மாநிலத்தை முறையாக விட்டு வெளியேறியிருக்கவும் வேண்டும். கலிஃபோர்னியாவில் வீட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை அங்கேயே பள்ளியில் விட்டு, டாக்டரையும் வங்கியையும் மாற்றாமல், உரிமத்தை மட்டும் தெற்கு டகோட்டாவில் எடுத்தால் கலிஃபோர்னியா உங்களைத் தன் ஆளாகவே கருதி உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்துக்கு வரி கேட்கலாம்.

இன்னொரு சிக்கல் வங்கியில் வரும். கணக்கு தொடங்குபவரின் வசிப்பிட முகவரியை வங்கி கேட்டு வாங்க வேண்டும் என்பது மத்திய விதி. தபால் சேவை நிறுவனத்தின் முகவரி என்று கணினி கண்டுபிடித்துவிட்டால் விண்ணப்பம் நின்றுவிடும். பழைய கணக்கை மூடாமல் வைத்துக்கொண்டு கிளம்புவது அதனால்தான் புத்திசாலித்தனம்.

சம்பளத்துக்கு வரி: எங்கே உட்கார்ந்தீர்கள் என்பதே கேள்வி

மத்திய வருமான வரியில் குழப்பம் ஒன்றும் இல்லை. எங்கே இருந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். மாநில வரியில்தான் படிப்படியாகப் போக வேண்டியிருக்கிறது.

1. சம்பளம் ‘எங்கே சம்பாதிக்கப்பட்டது’ என்பதை, வேலை செய்தபோது நீங்கள் எந்த மாநிலத்தில் இருந்தீர்கள் என்பதை வைத்தே பொதுவாக முடிவு செய்கிறார்கள். நிறுவனத்தின் தலைமையகமோ சம்பளம் வந்து சேரும் வங்கியோ பெரும்பாலும் கணக்கில் வராது.

2. அலாஸ்கா, ஃபுளோரிடா, நெவாடா, நியூ ஹாம்ப்ஷயர், தெற்கு டகோட்டா, டென்னசி, டெக்சாஸ், வாஷிங்டன், வயோமிங் ஆகிய ஒன்பது மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. மற்ற 41 மாநிலங்களில் உண்டு.

3. தெற்கு டகோட்டா உரிமம் வைத்திருக்கும் ஒரு புரோகிராமர் கலிஃபோர்னியாக் கடற்கரையில் மூன்று மாதம் வண்டியை நிறுத்தி வேலை பார்த்தால், அந்த மூன்று மாதச் சம்பளம் கலிஃபோர்னியாவில் ஈட்டியது. வெளிமாநிலத்தவராக அங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கடமை வருகிறது. அங்கே வேலை செய்த நாட்களை ஆண்டின் மொத்த வேலை நாட்களோடு ஒப்பிட்டு விகிதம் போடுவார்கள்.

4. சொந்த மாநிலத்தில் வரி இருந்தால், வெளிமாநிலத்தில் கட்டியதைப் பெரும்பாலும் கழித்துக்கொள்ளலாம். டொமிசைல் வரியில்லாத மாநிலம் என்றால் கழிக்க ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவுக்குக் கட்டுவது முழுவதும் கையிலிருந்து போவதுதான்.

‘183 நாளுக்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை’ என்று பலர் சொல்வது இங்கேதான் உடைகிறது. பல மாநிலங்களில் 183 நாள் என்பது ஒருவரை அந்த மாநிலத்தில் வசிப்பவராகக் கருதி மொத்த வருமானத்துக்கும் வரி கேட்கலாமா என்பதற்கான அளவு. அங்கே இருந்தபடி ஈட்டிய சம்பளத்துக்கு வரி கேட்க அவ்வளவு நாள் தேவையில்லை. இல்லினாய் 30 வேலை நாள் வரை விட்டுவைக்கிறது. நியூயார்க்கில் முதல் நாளிலிருந்தே கடமை உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் இப்படி மாறுவதால் 30 நாள் என்று நாடு முழுக்க ஒரே வரம்பு வைக்கும் மசோதா அமெரிக்கக் காங்கிரஸில் பலமுறை கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிறைவேறாமலே போனது.

இதற்கு நேர் எதிரான ஒரு விதியும் இருக்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, டெலவேர் போன்ற சில மாநிலங்கள், உங்கள் ஆபீஸ் தங்கள் எல்லைக்குள் இருந்தால், வெளியிலிருந்து வேலை பார்த்த நாட்களுக்கும் வரி கேட்கின்றன. நிறுவனத்தின் அவசியத்துக்காக வெளியே இருந்தீர்களா, உங்கள் சொந்த வசதிக்காக இருந்தீர்களா என்பதே அவர்கள் பார்ப்பது. சொந்த வசதி என்றால், நியூயார்க் ஆபீஸின் பெயரில் அரிசோனாப் பாலைவனத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த நாளும் நியூயார்க்கில் வேலை பார்த்த நாளாகவே எண்ணப்படும்.

இந்த விதியோடு மல்லுக்கட்டியவர்களில் பெயர் பெற்றவர் எட்வர்ட் செலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர். மன்ஹாட்டனில் உள்ள கார்டோசோ சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, வாரத்தின் மற்ற நாட்களில் கனெக்டிகட்டில் தன் வீட்டிலிருந்து எழுத்து வேலை பார்த்தார். அந்த நாட்களுக்கும் நியூயார்க் வரி கேட்டது. கனெக்டிகட்டும், ‘எங்கள் மண்ணில் செய்த வேலை’ என்று தன் பங்கை விடவில்லை. ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநில வரி. 2003இல் நியூயார்க்கின் உச்ச மன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2019, 2020ஆம் ஆண்டு வருமானத்துக்காக அவர் மறுபடியும் வழக்காடினார். கல்லூரியே பூட்டப்பட்டிருந்த கொரோனா மாதங்களும் அதில் அடக்கம்.

நியூ ஹாம்ப்ஷயரும் இதே போன்ற ஒரு பிரச்சினையில் மாசசூசெட்ஸ் மீது நேராக அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 2021 ஜூனில் நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்கவே மறுத்துவிட்டது. ஆகவே நாடு முழுக்கப் பொருந்தும் ஒரு பதில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கவில்லை.

பிடிபடாமல் இருந்துவிடலாமா என்று கேட்டால், சில வாரம் தங்கிப் போனவரை எந்த மாநிலமும் துரத்துவது அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் கடமை கடமைதான். கார்டு செலவு, காசு கொடுத்து வண்டியை நிறுத்தித் தங்கும் முகாம்களின் ரசீது, செல்போன் பதிவு என்று இருந்த இடத்தைக் காட்டும் தடயங்கள் ஏராளம். ஒரு தணிக்கை வந்தால், எந்த நாள் எந்த மாநிலத்தில் இருந்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும். நாள்வாரியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதை நான் அழுத்திச் சொல்வேன்.

ஆர்.வி.யையே தொழில் செலவாகக் காட்டலாம் என்ற பேச்சும் அடிபடுகிறது. சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கு, சொந்தச் செலவில் வாங்கிய அலுவலகப் பொருட்களைக் கழிக்கும் வழியை மத்திய அரசு 2018இலிருந்து மூடிவிட்டது. சுயதொழில் செய்பவர் வீட்டு ஆபீஸ் கழிவு கேட்கலாம். அதற்கு அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும். பகலில் மேசை, இரவில் படுக்கை என்று மாறும் இடம் அதில் தேறாது. பயணச் செலவும் அப்படித்தான். நிலையான தொழில் இடமும் நிலையான வீடும் இல்லாதவர் எங்கே வேலை பார்க்கிறாரோ அதுவே அவரது வரி வீடு என்கிறது மத்திய வரித் துறை. வீட்டைவிட்டு வெளியே போகாதவருக்குப் பயணச் செலவு ஏது?

நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன

எங்கிருந்தாலும் வேலை முடிந்தால் போதாதா என்று ஊழியர் கேட்பார். மனிதவளத் துறையின் கவலை வேறு. ஒரு மாநிலத்தில் ஓர் ஊழியர் தொடர்ந்து வேலை பார்த்தால், அந்த நிறுவனம் அங்கே பதிவு செய்யவும், சம்பளத்தில் வரிப் பிடித்தம் செய்யவும், சில வேளைகளில் தொழில் வரி கட்டவும்கூட வேண்டிவரும். ஆண்டுக்கு எட்டு மாநிலம் போகும் ஒரே ஓர் ஊழியரால் எட்டு மாநிலத்துக்கும் இந்தக் கேள்வி எழுகிறது.

வேலையின்மைக் காப்பீட்டுக்கு மட்டும் ஒரு தெளிவான வரிசை இருக்கிறது. வேலை எந்த மாநிலத்தில் மையம் கொண்டிருக்கிறது, செயல்படும் தளம் எது, உத்தரவுகள் எங்கிருந்து வருகின்றன, ஊழியர் எங்கே வசிக்கிறார் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, முதலில் பதில் கிடைக்கும் மாநிலத்தில் கட்டிவிடலாம். வருமான வரிக்கும் இப்படி ஒரே வரிசை இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே பாதியாகச் சுருங்கியிருக்கும்.

மேலாளருக்குத் தெரியாமல் கிளம்புவது ஆபத்து. கம்பெனி லேப்டாப் எங்கிருந்து இணைகிறது என்பதைப் பாதுகாப்புக் குழுவால் பார்க்க முடியும். எழுத்தில் அனுமதி வாங்குவதும், எந்தெந்த மாநிலங்களுக்குப் போகலாம் என்று பட்டியல் கேட்பதும் இரு தரப்புக்கும் நல்லது.

எச்-1பி விசாவில் இருப்பவர்கள்

அமெரிக்காவில் மென்பொருள் வேலையில் இருக்கும் தமிழர்களில் பலர் இந்த விசாவில்தான் இருக்கிறார்கள். அதனால் நேராகவே சொல்லிவிடலாம்: எச்-1பி விசாவோடு மாநிலம் மாநிலமாக நகர்ந்தபடி முழுநேரம் வேலை பார்ப்பது நடைமுறையில் இயலாது.

இந்த விசா ஒரு வேலையிடத்தோடு கட்டப்பட்டது. மனு போடுமுன் நிறுவனம் தொழிலாளர் துறையில் எல்.சி.ஏ. என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்கிறது. ‘இந்த ஊரில், இந்த வேலைக்கு நிலவும் சம்பளத்துக்குக் குறையாமல் தருவேன்’ என்பது அதன் சாரம். ஊருக்கு ஊர் அந்தச் சம்பளம் மாறும் என்பதால் ஊரை மாற்றினால் உறுதிமொழியின் அடிப்படையே மாறிவிடுகிறது. சிமியோ சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தின் வழக்கில் 2015 ஏப்ரலில் வந்த முடிவு இதை உறுதியாக்கியது. எல்.சி.ஏ.யில் சொன்ன பெருநகர வட்டாரத்துக்கு வெளியே வேலையிடம் மாறினால், மாறுவதற்கு முன்பே திருத்த மனு போட வேண்டும். 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் இதைச் சட்ட விதியாகவே எழுதிவிட்டன. ஊழியர் வேலை பார்க்கும் இடம் வீடாக இருந்தாலும் அதிகாரிகள் நேரில் வந்து பார்க்கலாம் என்பதும் அவற்றில் உண்டு.

குறுகிய காலச் சலுகை ஒன்று இருக்கிறது. புதிய எல்.சி.ஏ. இல்லாமல் வேறு வட்டாரத்தில் ஆண்டுக்கு 30 வேலை நாள் வரை இருக்கலாம். பழைய ஊரில் ஆபீஸ் இடமும் வீடும் வைத்துக்கொண்டு, கணிசமான நேரம் அங்கேயே கழிப்பவருக்கு 60 வேலை நாள் வரை கிடைக்கும். இது நிறுவனம் நிபந்தனைகளோடு பயன்படுத்தும் ஏற்பாடு. தங்கும் செலவு, பயணச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும். ஆக, வீட்டை விட்டுவிட்டு வண்டியில் குடியேறியவருக்கு இது பொருந்தாது. ஒரே பெருநகர வட்டாரத்துக்குள் ஒரு முகாமில் ஆர்.வி.யை நிறுத்தி வாழ்ந்தபடி வேலை பார்க்கலாம். அதையும் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையிடக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் முகவரி மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு, எச்-1பியில் இருப்பவர்களுக்கும் உண்டு.

கரண்ட் கணக்கு

நம் வீட்டு கரண்ட் பில்லில் வரும் யூனிட்டையே இங்கும் அளவாக வைத்துக்கொள்ளலாம். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட்.

முகாம்களில் இரண்டு வகை இணைப்பு கிடைக்கும். 30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட்டில் அதிகபட்சம் 3,600 வாட் எடுக்கலாம். 50 ஆம்பியர் இணைப்பில் இரண்டு கம்பிகள் தனித்தனியாக 120 வோல்ட் தருவதால் 12,000 வாட் வரை போகும். பெயரைப் பார்த்தால் ஒன்றரை மடங்கு போலத் தெரிந்தாலும் உள்ளபடி மூன்று மடங்குக்கும் மேல்.

இணைப்பு இல்லாத காட்டிலோ பாலைவனத்திலோ நிற்கும்போது ஒரு வேலை நாளுக்கு என்ன தேவை?

1. லேப்டாப் 60 வாட், 8 மணி நேரம்: சுமார் அரை யூனிட்.
2. கூடுதல் திரை 25 வாட், 8 மணி நேரம்: 0.2 யூனிட்.
3. சாட்டிலைட் இணையக் கருவி 60 வாட், 10 மணி நேரம்: 0.6 யூனிட்.
4. 12 வோல்ட் ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப், மின்விசிறி: எல்லாம் சேர்த்து 0.8 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

மொத்தம் ஏறத்தாழ 2.1 யூனிட். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1.28 யூனிட் இருக்கும், கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். அதே அளவு பழைய ஈய அமில பேட்டரியில் பாதியைத் தாண்டினால் அதன் ஆயுள் சீக்கிரம் குறையும். ஆகவே இரண்டு லித்தியம் பேட்டரி ஒரு நாளைத் தாங்கும். 400 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் 5 மணி நேரம் முழு பலத்தோடு கிடைப்பதாகக் கொண்டு, நடைமுறை இழப்பைக் கழித்தால் 1.5 யூனிட் தரும். தினமும் 0.6 யூனிட் பற்றாக்குறை. இதைச் சமாளித்துவிடலாம்: தகட்டைக் கூட்டலாம், ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம் ஓட்டலாம்.

ஏசியைச் சேர்த்தவுடன் எல்லாம் கவிழ்ந்துவிடும். கூரை ஏசி ஒன்று 1,400 வாட் இழுக்கும். 6 மணி நேரம் ஓடினால் 8.4 யூனிட், மற்ற எல்லாம் சேர்ந்ததைப் போல நான்கு மடங்கு. கோடையில் இலவசமாக நிற்பவர்கள் கொலராடோ மலைகளின் குளிரைத் தேடிப் போவதும், குளிர்காலத்தில் அரிசோனாவுக்கு இறங்குவதும் இந்தக் கணக்கால்தான். வானிலையைத் துரத்தி நகரும்போது வரி மாநிலமும் கூடவே மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது.

இணையம்: ஒன்று போதாது

வீடியோ கூட்டத்துக்கு நொடிக்கு 3 அல்லது 4 மெகாபிட் போதும். வேகத்தைவிட முக்கியம் தாமதமும் அறுபடாமல் இருப்பதும். பழைய வகைச் சாட்டிலைட்டுகள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. கேள்வி மேலே போய் இறங்கி, பதிலும் மேலே போய் இறங்கி வர அரை நொடிக்கும் மேல் ஆகும். பேசுகிறவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவது அதனால்தான். ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் தாமதம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 2022இல் ஆர்.வி.களுக்கென்றே தனித் திட்டம் வந்த பிறகு, டவர் இல்லாத இடத்திலிருந்தும் வேலை பார்க்க முடிந்தது.

அதற்குத் திறந்த வானம் வேண்டும். ஒரு பைன் மரம் குறுக்கே நின்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சில நொடி அறுபடும். நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தினால் நெட் போகும், நெட்டுக்காக வெயிலில் நிறுத்தினால் ஏசி வேண்டும். செல்போன் இணைப்பு மரத்தடியிலும் வேலை செய்யும் என்பதால் இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று மூடுகின்றன. செல்போனில் பார்க்க வேண்டியது, ‘அன்லிமிடெட்’ திட்டத்தில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா என்பதை. வரம்பு தாண்டினால் வேகம் வீடியோ கூட்டத்துக்கு உதவாத அளவுக்கு விழும். சிக்னல் பூஸ்டர் மெல்லிய சிக்னலைப் பெருக்கும், இல்லாததை உண்டாக்காது. வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல் மூன்றில் இரண்டின் சிம்மாவது வைத்திருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

எந்தக் கருவியாலும் தீராத இடமும் உண்டு. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியைச் சுற்றி சுமார் 13,000 சதுர மைல் பரப்பு 1958 முதல் ரேடியோ அமைதிப் பகுதி, அதாவது ரேடியோ அலை பரப்பக் கட்டுப்பாடு உள்ள இடம். தொலைநோக்கிக்கு அருகே செல்போன் சிக்னலை எதிர்பார்க்க முடியாது.

நேரக் கணக்கும் தொல்லை தரும். பெரும்பாலான மாநிலங்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளும், அரிசோனா தள்ளுவதில்லை. அதற்குள் இருக்கும் நவஹோ பழங்குடி நிலப்பகுதி தள்ளுகிறது. அரை மணி நேரம் வண்டி ஓட்டியதில் காலைக் கூட்டத்தை ஒரு மணி நேரம் தவறவிடலாம்.

மருத்துவமும் காப்பீடும்

தனிநபர் மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் ஒரு மாநிலத்துக்குள் இருக்கும் மருத்துவமனைகளோடு மட்டும் ஒப்பந்தம் செய்தவை. வெளியே அவசர சிகிச்சைக்கு மட்டும் பணம் தரும். நாள்பட்ட நோய் உள்ளவர் டொமிசைல் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வரியைவிட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வீடியோவில் டாக்டரைப் பார்க்கலாம் என்றால், நோயாளி அந்த நேரத்தில் இருக்கும் மாநிலத்தில் டாக்டருக்கு உரிமம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மறுபடியும் இரண்டாம் கேள்விதான். வண்டிக் காப்பீட்டிலும் முழுநேரக் குடியிருப்புக்கென்று தனிப் பாலிசி எடுக்க வேண்டும். விடுமுறைப் பயன்பாட்டுக்கான சாதாரண பாலிசியோடு குடியிருந்தால், தீ விபத்து நாளில் நிறுவனம் கையை விரிக்க வழி இருக்கிறது.

எங்கே நிற்பது?

காசு கொடுத்துத் தங்கும் முகாம்களில் கரண்ட், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு மூன்றும் கிடைக்கும். மேற்கு மாநிலங்களில் மத்திய அரசின் பொது நிலங்களில் இலவசமாகவும் நிற்கலாம். வழக்கமான வரம்பு 28 நாளில் 14 நாள். அதன்பின் குறிப்பிட்ட தூரம், பல இடங்களில் 25 மைல், தள்ளிப் போக வேண்டும். அரிசோனாவின் குவார்ட்ஸைட் பக்கம் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் இருக்கின்றன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்குவதற்கான அனுமதி நெடுங்காலம் 180 டாலராக இருந்து வந்தது. தேசியக் காடுகளில் குடியிருப்பாகப் பயன்படுத்துவதே அனுமதியின்றிச் செய்யக் கூடாத குற்றம். நாள் வரம்பை மதித்து நகர்ந்துகொண்டே இருந்தாலும், ‘வேறு வீடு இல்லை’ என்று அதிகாரியிடம் சொல்பவருக்கு அங்கே சிக்கல் வரலாம்.

நகரத் தெருக்களில் நிலைமை இன்னும் கடினம். ஓரிகன் மாநிலத்தின் கிராண்ட்ஸ் பாஸ் நகரம் பொது இடத்தில் படுப்பவர்களுக்கு அபராதம் போட்டது. தங்க வேறு இடம் இல்லாதவர்களுக்கு இது கொடுமையான தண்டனை அல்லவா என்று வழக்கு போனது. 2024 ஜூன் 28 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பிறகு பல நகரங்கள் வண்டியில் தூங்குவது, ஆர்.வி. நிறுத்துவது பற்றிய விதிகளைத் துணிந்து இறுக்குகின்றன.

வாடகை கொடுக்க முடியாமல் பழைய ஆர்.வி.யில் வாழும் கிடங்குத் தொழிலாளியும், லட்ச டாலர் வண்டியில் லேப்டாப்போடு வாழும் பொறியாளரும் இந்த விதிகளின் முன் ஒன்றுதான். பொறியாளர் விதி இறுகும் நாளில் முகாமுக்குக் காசு கட்டி இடம் மாறிக்கொள்வார். தொழிலாளியின் வண்டியை இழுத்துச் சென்றால் அவருடைய வீடு, படுக்கை, மறுநாள் வேலைக்குப் போகும் வழி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். மீட்க வேண்டுமானால் இழுவைக் கட்டணமும் நிறுத்திவைத்த ஒவ்வொரு நாளுக்குமான வாடகையும் கட்ட வேண்டும்.